பிடுங்கத் தெரிந்தவள் வரைந்த முகம்

என் பெயர் அஞ்சலாட்சி. கடைப் பலகையில் 'ஏஞ்சல் பியூட்டி பார்லர்' என்று இருக்கும். அஞ்சலாட்சி என்று எழுதி வைத்தால் புருவம் திருத்த எவளும் வரமாட்டாள், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போய்விடுவாள் என்று என் வீட்டுக்காரர் வெற்றிவேல் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி நான் கேட்ட ஒரே யோசனை அதுதான். பலகையில் இறக்கை விரித்த தேவதை ஒன்றையும் வரையச் சொன்னேன். இரண்டு மழைக்காலம் பார்த்த பிறகு அது கோழியாகிவிட்டது. நெல்லித்தோப்பில் யாரிடமாவது என் கடைக்கு வழி கேட்டால், "கோழி போட்ட பார்லரா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

என் தொழிலைப் பற்றிப் பெருமையாக நான்கு வார்த்தை சொல்லலாம் என்றுதான் பார்க்கிறேன். ஊரில் அவனவன் எதையாவது நட்டுப் பிழைக்கிறான், கட்டிப் பிழைக்கிறான், பிடித்து விற்றுப் பிழைக்கிறான். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் போடும் என் வீட்டுக்காரர்கூட மீன் கெடாமல் காப்பாற்றுகிறார். நான் பிடுங்கிப் பிழைக்கிறேன். நூலால் பிடுங்குவேன், பிளக்கர் என்கிற சின்ன இடுக்கியால் பிடுங்குவேன், கை காலில் சூடான மெழுகைத் தடவி, அதன் மேல் துணிப்பட்டையை அழுத்தி, ஒரே இழுப்பில் பிடுங்குவேன். இழுத்து முடித்த பிறகுதான் வாடிக்கையாளருக்கு வலிக்க ஆரம்பிக்கும். அவ்வளவு வேகம். அந்தக் கை எனக்கு என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதை.

சுலோசனா என் சிநேகிதி. ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். அரியாங்குப்பத்தில் வீடு. ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் நேரே என் கடைக்கு வந்து, மூலை நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். நான் நூலை வாயில் கடித்துக்கொண்டு குனிவேன். வாயில் நூல் இருக்கும் வரைக்கும் நான் பேச முடியாது என்பதால் அவள் முதலாளியைத் திட்டுவாள், புருஷனைத் திட்டுவாள், கடைசியில் என்னையும் திட்டுவாள். அவள் புருவம் இயற்கையிலேயே வில் மாதிரி. அதில் நான் செய்தது கோடு தாண்டியதை எடுத்தது மட்டும்தான். ஆனால் ஊரெல்லாம் அதை என் கைவேலை என்று சொல்லிக்கொண்டேன்.

2006 கடைசியில் அவளுக்கு மார்பில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. பிறகு கீமோ ஊசி. தலைமுடி போயிற்று, புருவமும் போயிற்று என்று அவள் புருஷன் கோவிந்தசாமி வந்து சொன்னார். தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், அதிகம் பேசமாட்டார். ஆறுதல் சொல்ல நான் பழம் வாங்கிக்கொண்டு அரியாங்குப்பத்துக்கு ஓடினேன். அவர் வாசலிலேயே நின்றார். உள்ளேயிருந்து சுலோசனாவின் குரல் மட்டும் வந்தது.

"அஞ்சலயா? அவ வந்து இன்னா பண்ணப் போறா? புடுங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பு."

பழத்தைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பினேன். டெம்போவில் சில்லறை எடுக்கக் கைப்பையைத் திறந்தால் உள்ளே நூல்கண்டு கிடந்தது. உடம்பு முடியாதவளைப் பார்க்கப் போகிறவள் நூல்கண்டோடு போயிருக்கிறேன். பழக்க தோஷம்தான். பிடுங்க ஒன்றும் இல்லாதவளிடம் நான் யார்? அன்று டெம்போவில் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள், பையைப் பறிகொடுத்துவிட்டேன் என்று நினைத்துத் தேற்றினாள்.

அந்த வாரம்தான் லமீஸ் கடைக்கு வந்தாள். முல்லா வீதியில் இருக்கும் அன்வருதீன் பாயின் மகள். சென்னையில் ஓவியக் கல்லூரி படித்து முடித்து, வீட்டு மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் வயதில் பாதியைத் தாண்டி இரண்டு மூன்று வயது இருந்தால் அதிகம். முக்காட்டை எடுத்தால் முன் முடியெல்லாம் மெழுகு.

"சீப்பு போவ மாட்டேங்குதுக்கா. படம் வரையறப்ப கொட்டிக்கிட்டேன்."

மெழுகில் யாராவது படம் வரைவார்களா என்று கேட்டேன். தேன்மெழுகை உருக்கிக் குங்கிலியத்தைக் கலந்து, அதில் வண்ணப்பொடி போட்டு, சூடு ஆறுவதற்குள் பலகையில் தீட்டுகிற முறை இருக்கிறது, என்காஸ்டிக் என்று பெயர் என்றாள். செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு கிழவரின் கன்னம். பழைய மீன்வலைத் துண்டு ஒன்றை மெழுகுக்கு அடியில் பதித்து, அதையே சுருக்கமாக ஆக்கியிருந்தாள். பார்த்தால் கிள்ளலாம் போலிருந்தது.

"மெழுகு தோல் மாதிரிக்கா. ஒண்ணு மேல ஒண்ணா போடப் போட, அடியில இருக்கிறது லேசா தெரியும்."

தோல் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் விளக்கு எரிந்தது. மெழுகு எனக்குத் தெரியும். தோல் எனக்குத் தெரியும். சுலோசனாவின் புருவம் என்னைவிட யாருக்குத் தெரியும்? முகத்தில் இல்லாவிட்டால் என்ன, பலகையில் வைத்துக் கொடுப்பேன். கூந்தலும் புருவமுமாக அவள் முகத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போனால் கதவு திறக்காதா? லமீஸ் பெண்களுக்கு வகுப்பு எடுத்து, கடைசியில் அவர்கள் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போவதாகச் சொன்னாள். அவள் முடியில் இருந்த மெழுகைத் தேங்காயெண்ணெய் வைத்து எடுத்து முடிப்பதற்குள் நான் மாணவியாகிவிட்டேன்.

வகுப்பு வெள்ளிக்கிழமை மதியம். வெள்ளிக்கிழமையில் முடியில் கைவைக்க நம்மூர்ப் பெண்கள் யோசிப்பார்கள், கடை காற்று வாங்கும், எனக்கு வசதி. போவதற்கு முன்பே வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். "நம்ம படம் எக்ஸிபிஷன்ல வருது." பென்சில் பிடிப்பதைப் பத்தாவதோடு நிறுத்தியவள் பேசுகிற பேச்சு அது. வெற்றிவேல் மட்டும் நம்பவில்லை.

"நம்ம கோழிக்குச் சோடி வரையப் போறியா?" என்று கேட்டார்.

முதல் வகுப்பிலேயே மூக்கு உடைந்தது. ஆளுக்கு ஒரு பொருள் வாங்கி வரச் சொல்லியிருந்தாள் லமீஸ். எனக்குக் குங்கிலியம். நாட்டுமருந்துக் கடையில் நான் அலட்சியமாகக் கைகாட்டி வாங்கியது சாம்பிராணி. இரண்டும் பிசின்தானே, இரண்டும் கட்டிதானே என்ற எண்ணம். உருகுகிற மெழுகில் நானே அள்ளிப் போட்டேன். மாடி முழுக்கப் புகை. கூட வந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்களும் இருமிக்கொண்டே படியிறங்கினார்கள். கீழேயிருந்து லமீஸின் அம்மா கரீமா ஏறி வந்தார், முகமெல்லாம் சந்தோஷம்.

"ஜும்மா நாளுன்னு ஞாபகமா சாம்பிராணி போட்டீங்களாம்மா? இந்தப் புள்ளைக்கு நானு எத்தினி நாளா சொல்றேன்."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். லமீஸ் ஜன்னலைத் திறந்தாள்.

அடுத்து என் மணிக்கட்டு. மெழுகு பதம் பார்க்க நாங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்போம். பார்லர் மெழுகு இதமாக இருக்கும். படம் வரைகிற மெழுகு அடுப்பிலிருந்து நேரே வருவது. நான் வைத்துப் பார்த்தேன். "தோலைப் பத்தி எனக்குத் தெரியும்" என்று அதற்குச் சற்று முன்புதான் வகுப்பில் விளக்கியிருந்தேன். கரீமா ஐஸ் கட்டி கொண்டுவந்தார்.

வரைவது என்பது அதைவிடக் கஷ்டம். தூரிகையை மெழுகில் தோய்த்துப் பலகைக்குக் கொண்டுபோவதற்குள் அது விறைத்துக் குச்சியாகிவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, முதலில் தூரிகையைக் குறை சொன்னேன், பிறகு மின்விசிறியை. லமீஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "கோடு அழகா வரணும்னு பாக்காதீங்கக்கா. கீறுங்க, சொரண்டுங்க, பூசுங்க. அவங்கள நெனச்சா கைக்கு என்னா தோணுதோ அதப் பண்ணுங்க" என்றாள். எனக்குக் கைக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பூச்சும் ஆறியதும் அதன் மேல் சூட்டுக் காற்று காட்ட வேண்டும். அப்போதுதான் மேல் பூச்சு அடிப்பூச்சோடு உருகி ஒட்டும். காட்டாவிட்டால் தோசை மேல் தோசை மாதிரித் தனித்தனியாக நிற்கும். லமீஸிடம் அதற்கென்று ஒரு துப்பாக்கி மாதிரிக் கருவி இருந்தது. எனக்கு எதற்கு அது, என் கையில்தான் காலமெல்லாம் ஹேர் டிரையர் இருக்கிறதே. கடையிலிருந்து எடுத்துப் போய் முழு வேகத்தில் வைத்தேன். சுலோசனாவின் இடது கண் மெதுவாகப் புறப்பட்டு மூக்கோரமாக இறங்கி, உதட்டுப் பக்கம் வந்து நின்றது.

"சூடு காட்டச் சொன்னேன்க்கா, வெரட்டச் சொல்லல" என்றாள் லமீஸ்.

முகத்தை மறுபடி முதலிலிருந்து செய்தேன். அடிப்பூச்சை லமீஸ் கூட நின்று உருக்கிக் கொடுத்தாள். ரோஜாவும் மஞ்சளும் கலந்த நிறத்தில் தலை, நெற்றி, கன்னம், கழுத்து. அதற்கு மேல் நான் போட்ட எந்தப் பூச்சுக்கும் சூடு காட்டவில்லை. கண் ஓடிவிடும் என்ற பயம். "காட்டுனீங்களாக்கா?" என்று கேட்டபோதெல்லாம் தலையாட்டினேன். கூந்தலை அடை அடையாகக் கறுப்பு மெழுகில் அப்பினேன். புருவத்துக்கு மட்டும் உயிரைக் கொடுத்தேன். ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கீறி, கீறலில் கறுப்பை நிரப்பித் துடைத்தேன். முடிந்ததும் கல்லூரிப் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். மூக்கு யார் மூக்கோ, புருவம் சுலோசனாவின் புருவம். அன்று நான் கோவிந்தசாமிக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை லமீஸ் வீட்டு மாடியில் கண்காட்சி, அவசியம் வாருங்கள் என்று சொன்னேன்.

கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைசிக் கை பார்க்க உட்கார்ந்தேன். புருவத்துக்கு மேலே, நெற்றியும் கூந்தலும் சேருகிற இடத்தில் மெழுகு கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு கை மெழுகு போட்டு இழுத்துவிட்டால் சமமாகிவிடும் என்று தோன்றியது. போட்டேன். அதிகமாகிவிட்டது. சூடு ஆறவில்லை, பளபளவென்று நிற்கிறது. பக்கத்தில் தூரிகை துடைக்கிற துணி நீளமாகக் கிடந்தது.

மூளை என்ற ஒன்று எனக்கு இருந்தால் அந்த நேரத்தில் அது டீ குடிக்கப் போயிருந்தது. இடது கை நெற்றியை அழுத்திப் பிடித்தது. வலது கை துணியை மெழுகின் மேல் வைத்து, இரண்டு தடவு தடவி, முடி வளர்ந்த திசைக்கு எதிராக ஒரே இழுப்பு இழுத்தது. வாய்கூட வழக்கம்போல, "அவ்ளோதாம்மா, முடிஞ்சிது" என்றது.

முடிந்துதான் போயிற்று. கண்ணுக்கு மேலே சூடு காட்டாமல் அடுக்கிய பூச்சுகளெல்லாம் துணியோடு வந்துவிட்டன. கூந்தல் முழுசும் வந்தது. இரண்டு புருவமும் வந்தன. அந்த இடத்தில் லமீஸ் உருக்கிக் கொடுத்த அடிப்பூச்சு மட்டும் நின்றது. வழித்த தலை, வெறும் நெற்றி, அதற்குக் கீழே இரண்டு கண். துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிள்ளையார் பிடிக்கப் போனவர்களுக்குக் குரங்காவது கிடைத்தது. இங்கே, எந்தக் கோலத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாளோ, அந்தக் கோலத்தை நான் என் கையாலேயே செய்து வைத்திருந்தேன்.

லமீஸ் வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா, இதத் தொடாதீங்க."

"தொட இன்னா இருக்குது இனிமே?"

"அப்டியே மாட்டலாம். நல்லா இருக்குது."

படித்த பெண், வயதானவள் மனது நோகக்கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் அவள் மாட்டியிருக்க மாட்டாள். ஆனால் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, சுவரில் ஒன்றும் இல்லாவிட்டால் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்களே என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. மாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கரீமா கொடுத்த சமோசாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். மற்ற படங்களைக் கடந்து போனவர்கள் என் படத்தின் முன்னால் நின்றார்கள். என் வாடிக்கையாளர்களில் ஒருத்தி, "ஏஞ்சல் மேடம், இது யாருக்கு வேக்ஸிங் பண்ணது?" என்று கேட்டாள். கோவிந்தசாமி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வந்தார். கம்பெனிச் சட்டையோடு நேரே படத்தின் முன்னால் போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் சமோசாவை வைத்துவிட்டு அருகில் போனேன், மன்னிப்புக் கேட்பதற்கு.

"இப்ப அப்டித்தான் இருக்கா. போன மாசம் மருந்து முடிஞ்சிது. இன்னும் கண்ணாடி பாக்க மாட்டேங்கறா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். டீகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் கடை போன் அடித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சுலோசனாவின் குரல்.

"என் மூஞ்ச ஊருக்கே காட்டிக்கீறே. எனக்கு மட்டும் காட்டல. எடுத்தாந்து காட்டு. அப்பறம் வேற எதுக்கும் இந்தப் பக்கம் வராத." வைத்துவிட்டாள்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு கிளம்பினேன். இத்தனை வருஷ சிநேகிதம் அந்தப் பலகையோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லமீஸிடம் படத்தை வாங்கினேன். கீறல் விழாமல் இருக்க அவள் மெழுகு ஒட்டாத பட்டர் காகிதம் ஒன்று கொடுத்தாள். அதை முகத்துக்கு அளவு பார்த்துக் கிழித்தேன். தலைக்கு எட்டவில்லை. முகத்தை அளந்தவள் தலையை மறந்தேன், அவ்வளவுதான் என் அளவு. அதன் மேல் பார்லர் துண்டைச் சுற்றினேன். சாயம் பட்டாலும் தெரியாதிருக்க நாங்கள் கறுப்புத் துண்டுதான் வைத்திருப்போம். புதிதாக வாங்கியது, தொட்டால் பஞ்சு பஞ்சாக உதிரும்.

அக்னி நட்சத்திரம். டெம்போவில் வெயில் படுகிற ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. பாலத்தில் நெரிசல், வண்டி நகரவில்லை. ஆற்றில் தண்ணீர் மினுமினுவென்று இருந்தது. மடியில் பலகையை அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மெழுகை வெயிலில் வைத்தால் இளகும் என்று பச்சைக் குழந்தைக்குத் தெரியும்.

கோவிந்தசாமி கதவைத் திறந்து உள்ளே கைகாட்டினார். சுலோசனா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் பழைய துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். திட்டத் தயாராக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பிரி" என்றாள்.

பிரித்தேன். துண்டு சுலபமாக வரவில்லை, ஒட்டிக்கொண்டு வந்தது. காகிதம் மூடியிருந்த முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடாத தலையில், இளகிய மெழுகில், துண்டின் கறுப்புப் பஞ்சு பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. தலை முழுக்க. "இரு இரு, எடுத்துடறேன்" என்று பைக்குள் கைவிட்டுப் பிளக்கரை எடுத்துக் குனிந்தேன்.

சுலோசனா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சுட்ட தழும்பின் மேலேயே பிடித்தாள்.

"வுடு. அதுலயும் புடுங்காத."

படத்தையே பார்த்தாள். பிறகு இன்னொரு கையால் துப்பட்டாவின் முடிச்சை அவிழ்த்து எடுத்தாள். அவள் தலையில் முடி முளைத்திருந்தது. பூனை மயிர் மாதிரி, பொடிப்பொடியாக, தலை முழுக்கக் கறுப்பாக.

"இவருக்கே காட்டல. ரெண்டு மூணு நாளாத்தான் கையில தட்டுப்படுது. உனக்கு எப்டிடி தெரிஞ்சிது?"

ஒரு உண்மையான கலைஞி அந்த இடத்தில் லேசாகச் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். சாம்பிராணிக்கு ஆமாம் போட்டவள்தானே நான், இதற்கும் போட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"துண்டு ஒட்டிக்கிச்சுடி" என்றேன்.

சுலோசனா சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். கூந்தல் எப்படிப் போயிற்று என்று கேட்டாள். துணியை வைத்து இழுத்ததைச் சொன்னேன். "அவ்ளோதாம்மா, முடிஞ்சிது"ன்னு சொன்னியா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். கோவிந்தசாமி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்து, அவள் தலையைப் பார்த்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

பிறகு அவள் என்னை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய், கடை நாற்காலியில் செய்கிற மாதிரி முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"புருவம் வருதா பாரு."

குனிந்து பார்த்தேன். வெளிச்சத்தில் தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் வந்திருந்தது. அதில் ஒன்று மட்டும் கோட்டை விட்டு இறங்கி, இமைக்குப் பக்கத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. பிளக்கர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"வருது. ஒண்ணு கோடு தாண்டி வந்துகிது."

"எடுக்கப் போறியா?"

"இருக்கட்டும்."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு முடியைப் பார்த்து நான் அப்படிச் சொன்னதில்லை. பிளக்கரைப் பைக்குள் போட்டேன்.

சுலோசனா கண்ணைத் திறக்கவில்லை. "சனிக்கெழம கடையில இருப்பியா?" என்று கேட்டாள்.

"இருப்பேன்."

"வர்றேன். ஒண்ணும் பண்ணாத. அந்த நாற்காலியில சும்மா சாஞ்சிட்டுப் போறேன்."

"வா. வாயில நூல கடிச்சிக்கிறேன், நீ திட்டு" என்றேன்.